ஊர் கூடி இழுத்த அகராதி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாக வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, இந்தக் கூடத்துக்கு மின்விசிறியும் நாற்காலிகளும் தந்த வணிகர் சங்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்து வரவேற்றீர்கள். இந்த நல்ல வழக்கத்தைத் தொடங்கிவைத்த தலைவர் ஐயாவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

பழைய ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று சேதிகளோடு வந்திருக்கிறேன். சொல் எப்படிப் பிறந்தது, பொருள் எப்படி மாறியது, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் எப்படிக் குடியேறின.

பிறப்பிலிருந்து தொடங்குவோம். லார்டு என்றால் பிரபு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வேர்ட்'. ஹ்லாஃப் என்றால் ரொட்டி, வேர்ட் என்றால் காவல்காரர். ரொட்டியைக் காப்பவர்தான் பிரபு! லேடி? ரொட்டிக்கு மாவு பிசைகிறவள். அத்தனை பெரிய பட்டங்களும் அடுப்படியில் பிறந்தவை. அப்புறம், டீர் என்றால் இன்று மான்; அன்று எந்த விலங்கும் டீர்தான். ஸ்டார்வ் என்றால் இன்று பட்டினி கிடப்பது; அன்று அதற்கு வெறுமனே சாவது என்று பொருள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது? என் பேச்சைக் கேட்டவர்களுக்கு என் வாயில் அடிக்கடி வரும் பழமொழி தெரியும்: ஊர் கூடித் தேர் இழு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அப்படி இழுத்த தேர்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பிள்ளைகள் கேட்க வேண்டும்.

1857இல் லண்டன் மொழியியல் சங்கத்தார் இந்த வேலையைத் தொடங்கினார்கள். பொதுமக்களே, பழைய புத்தகங்களைப் படியுங்கள், சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுத்தாளில் எழுதி அனுப்புங்கள் என்றார்கள். தாள்கள் வந்து குவிந்தன. முதல் பதிப்பாசிரியர் முப்பது வயதிலேயே இறந்துபோனார். அடுத்து வந்த ஃபர்னிவால் ஆர்வக்காரர். ஆனால் தாள்களை யார் யாரிடமோ பிரித்துக் கொடுத்துவிட்டார். 1879இல் ஜேம்ஸ் மர்ரி என்ற பள்ளி ஆசிரியர் பொறுப்பேற்றார். தோட்டத்தில் இரும்புத் தகரத்தில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு காத்திருந்தார். மூட்டை மூட்டையாகத் தாள்கள் வந்து இறங்கின. ஒரு சாக்கைப் பிரித்தால் உள்ளே செத்த எலி! இன்னொன்றில் ஒரு சுண்டெலி குட்டி போட்டுக் குடும்பத்தோடு இருந்தது. ஹெச் எழுத்து முழுவதும் இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் கிடந்தது. பி-ஏ (Pa) என்ற எழுத்துகளில் தொடங்கும் சொற்களைக் காணவே காணோம். தேடித் தேடிப் போனால், அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் மிச்சம் கொஞ்சம் கிடைத்தது. மற்றதை எல்லாம் அடுப்புப் பற்றவைக்க எரித்துவிட்டார்கள்! மர்ரி தளரவில்லை. எரிந்துபோன சொற்களுக்கு மறுபடி மேற்கோள் திரட்டினார்கள். அவருக்குப் பதினோரு பிள்ளைகள். வீட்டுப் பிள்ளைகளே தாள்களை அகர வரிசையில் அடுக்கினார்கள். பத்து வருஷத்தில் முடியும் என்று கணக்குப் போட்ட வேலை 1928இல்தான் முடிந்தது. மர்ரி 1915லேயே காலமாகிவிட்டார்.

பிள்ளைகளே, அடுப்பில் போன அந்தத் தாள்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதைவிட அதிகமாக எரிவது, தாளில் ஏறாமலே போய்க்கொண்டிருக்கும் நம்மூர்ச் சொற்களை நினைத்தால்தான். மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்த தாத்தாக்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூனை, வடம், வால்கயிறு என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. மோட்டார் வந்த பிறகு அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லை. தறிக்காரர், தச்சர், மீன் பிடிப்பவர், வைத்தியம் பார்த்த பாட்டி, யாரிடம் கேட்டாலும் இதே நிலைதான். மர்ரிக்கு மறுபடி திரட்டப் புத்தகங்களாவது இருந்தன. நமக்கு இருப்பது அந்தத் தாத்தாவின் வாய் மட்டும்தான். ஊர் கூடித் தேர் இழுக்க இதைவிட அவசரமான வேளை கிடையாது.

நார்மானியர் சேதி மிச்சம் இருக்கிறது. தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, அது இன்னொரு மேடைக்கு.

வாசலில் வெள்ளைத்தாள் கட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம். மர்ரி கேட்டபடியே எழுதுங்கள்: இடது மேல்மூலையில் சொல், அதன் கீழே அது வரும் ஒரு முழு வாக்கியம். புத்தகத்தின் பெயருக்குப் பதில், சொன்னவர் பெயர், ஊர், வயது, தொழில். ஒரு தாளுக்கு ஒரு சொல் போதும். நூலகர் அம்மா இரும்பு அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் அடுக்கத் தொடங்குகிறோம். தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.