கறி வெட்டுற கத்தி தானே, அதுக்கு எதுக்கு போலீஸ்?

வணக்கம் மக்களே. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் நிற்கிறேன், காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் நம்ம தம்பி ஒருவன் மாட்டிக்கொண்டான், அதுதான் இன்றைக்குப் பேச்சு.

பையன் மதுரைப் பக்கம், படிக்க வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமை நண்பன் வீட்டில் கோழிக் குழம்பு. அந்த வீட்டுக் கத்தி தக்காளியைக்கூட நசுக்கத்தான் செய்யும் என்று, அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட கத்தியைப் பேப்பரில் சுற்றி லேப்டாப் பக்கத்தில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டான். ரயில் நிலைய வாசலில் போலீஸ் மெட்டல் டிடெக்டர் வளைவு வைத்திருந்தார்கள். அப்புறம் என்ன, பையைப் பிரித்து, நண்பனுக்குப் போன் போட்டு, இஞ்சி பூண்டு விழுதுப் பாட்டிலையெல்லாம் எடுத்துக் காட்டி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். "அண்ணே, நான் யாரைக் குத்தப் போனேன்?" என்று கேட்கிறான்.

தம்பி, இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. இங்கிலாந்தில் 1988ஆம் வருடத்துக் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு. பொது இடத்தில் கத்தி வைத்திருந்தாலே குற்றம், தக்க காரணம் இருக்கிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உன் தலையில். சமையல்காரர் வேலைக்குக் கொண்டுபோகலாம், சீக்கியர் தங்கள் மதக் கத்தியான கிர்பான் அணியலாம், ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் என்கிற பாரம்பரியப் பாவாடை கட்டும்போது காலுறையில் குறுங்கத்தி செருகலாம். 'பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன்' என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள், பொதுவாக அதைக் காரணமாக எடுக்க மாட்டார்கள். 'பையில் இருந்ததை மறந்துட்டேன்' என்பது மட்டும் போதாது. அதிகபட்சம் 4 வருடம் சிறை. 2005இல் ஒரு வழக்கு, வெண்ணெய் தடவுகிற மொட்டைக் கத்தி, அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது!

விலக்கு ஒன்று உண்டு. மடக்குக் கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாமல் இருந்தால் காரணம் கேட்க மாட்டார்கள். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். இந்தச் சின்னதை விரிக்கிறேன், விரலால் தள்ளினால் அப்படியே மடங்கிவிடுகிறது, பிரச்சினை இல்லை. கத்தி, இடுக்கி எல்லாம் ஒன்றாக மடங்கியிருக்கிற இந்த மல்டி டூலைப் பாருங்கள், விரித்ததும் 'க்ளிக்', கேட்டதா? பூட்டிக்கொண்டது, இந்தப் பொத்தானை அமுக்கினால்தான் மடங்கும். அந்த ஒரு க்ளிக்கில் விலக்கு போச்சு, அலகு 2 அங்குலம் இருந்தாலும் போச்சு. ஆறு வருடமாக நான் இதைச் சாவிக்கொத்தில் மாட்டித் திரிந்திருக்கிறேன். தம்பியைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை?

நமக்கு இது உறைக்காததற்குக் காரணம் இருக்கிறது. இளநீர்க்காரர் நடுரோட்டில் அரிவாளை வீசுகிறார், நாம் 'வழுக்கையா வெட்டுங்க' என்று பக்கத்திலேயே நிற்கிறோம். கருப்பசாமி கையிலேயே அரிவாள்தான், நேர்த்திக்கடனுக்கும் அரிவாள் செய்து வைக்கிறோம். நம்ம ஊர்ச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது: இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று கணக்கு வைத்திருந்தாலும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றை விட்டுவிடுகிறார்கள். அதற்காக, ஊரில் அரிவாளோடு சுற்றுகிறவனை யாரும் கொஞ்சுவதில்லை, அது வேறு.

இங்கே கத்தி என்றாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் குத்துப்பட்டுச் சாகிற செய்திதான் ஜனங்கள் மனதில் வருகிறது. 2024 செப்டம்பரில் ஜாம்பி பாணிக் கத்திகளை (மிரட்டுகிற தோற்றத்தில் செய்த பெரிய கத்திகள்), 2025 ஆகஸ்ட்டில் நிஞ்சா வாள்களை வீட்டில்கூட வைத்திருக்கக் கூடாது என்று தடை செய்தார்கள். பயன் எவ்வளவு என்பதில் எனக்குச் சந்தேகம்தான், சமையலறைக் கத்தியை யார் தடை செய்ய முடியும்?

சரி, மழை வருகிற மாதிரி இருக்கிறது. என் மல்டி டூல் இனி மேசை டிராயரில், வழியில் யாராவது கேட்டால் இந்த வீடியோவைக் காட்டிக்கொள்கிறேன். தம்பியின் கத்தி? அது நண்பன் வீட்டிலேயே தங்கிவிட்டது. கோழிக் குழம்பு இனி அங்கேதான்.