கூட்டமாகச் சைக்கிளில் போனால் பறவைகள் பறந்துவிடாதா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மனசிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. திருச்சியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பரத்பூர் வீடியோவில் பத்துப் பதினோரு பேர் வரிசையாகச் சைக்கிளில் போகிறீர்கள். நடந்து போனால்தானே நல்லது? இவ்வளவு பேரைப் பார்த்துப் பறவைகள் கலைந்துவிடாதா?"

நியாயமான சந்தேகம். புதிதாக வந்தவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தானில் பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்கா அது, நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன இடம். மொத்தமே 29 சதுர கிலோமீட்டர்தான். வாசலில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே சாலை, இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்கு நடுவே கருவேல மரங்கள். அங்கே ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களே வழிகாட்டிகளும்கூட. பறவைப் பெயர்களெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

இனி பதில். வேடந்தாங்கலைப் பற்றிப் பேசும்போதும் இதையேதான் சொன்னேன், பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். பறவையை நோக்கி நேராகப் போகாதீர்கள். ஒரே வேகத்தில், ஒரே கோட்டில், தன்னைக் கடந்து போகிற சைக்கிளைப் பறவை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அந்தக் கோடு தன் பக்கம் திரும்பினால்தான் அதற்கு ஆபத்து. நடந்து போகிறவரும் நேராகப் போனால் அதே கதைதான்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி காலை, நல்ல பனிமூட்டம். நாங்கள் பதினோரு பேர். சாலையோரம் பட்ட மரத்தில் ஒரு பாம்புத்தாரா, பாம்பு போல நீண்ட கழுத்துள்ள நீர்ப்பறவை, இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. முதல் ஏழு சைக்கிள்களும் கடந்து போயின. அது கழுத்தை மட்டும் திருப்பியது. எட்டாவதாக வந்த தம்பிக்கு இதுதான் முதல் பயணம். பார்த்த ஆசையில் சட்டென்று பிரேக் பிடித்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். இறங்கி, போனை உயர்த்திக்கொண்டு நான்கே அடி எடுத்து வைத்தார். பறவை கிளையிலிருந்து அப்படியே தண்ணீரில் விழுந்து மறைந்துவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு நீர் வளையம்தான் மிச்சம். தம்பிக்கு முகமே வாடிவிட்டது.

அப்போது பின்னால் வந்த வயதான ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி இந்தியில் சொன்னார்: "பறவைக்கு முன்னால் நிற்காதே மகனே. கடந்து போ, போய் நின்று திரும்பிப் பார்." எனக்குக் கைதட்டத் தோன்றியது. நான் பத்து வீடியோவில் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அப்படியே செய்தோம். பறவையைத் தாண்டி இருபது அடி போய், மெல்ல நின்று, காலை ஊன்றி, தலையை மட்டும் திருப்பினோம். மதியம் ஒரு மரப்பொந்தில் புள்ளி ஆந்தை. மஞ்சள் கண்ணை எங்கள் மேலேயே வைத்துக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பார்த்தது. பதினோரு பேரும் நின்றோம், அது பொந்தைவிட்டு அசையவே இல்லை. அந்தத் தம்பிதான் எல்லோரையும்விட அசையாமல் நின்றார்.

சரி, இந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் யாராவது கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட மகாராஜா சூரஜ்மல் காலத்தில் கட்டிய அஜான் அணைக்கரைதான் அதற்கு மூலம். பிறகு வந்த மன்னர்கள் வாத்து வேட்டைக்காகவே இப்போது பூங்கா இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேக்கினார்கள். கேவலாதேவ் சிவன் கோவில் பக்கத்தில் வேட்டைக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ வந்த நாள், 4,273 பறவைகள். ஒரே நாளில்! அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தேன், அப்புறம் கொஞ்ச நேரம் யாரோடும் பேச முடியவில்லை.

அதே இடம் 1982-ல் தேசியப் பூங்கா, 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் பூங்காவுக்குத் தண்ணீர் தந்த கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில் பாஞ்சனா அணை வந்தபிறகு தண்ணீர் வரத்து விழுந்துவிட்டது. இப்போது கோவர்த்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் குழாயில் கொண்டுவருகிறார்கள். சைபீரியப் பெருங்கொக்குகளோ 2002-க்குப் பிறகு அங்கே வரவே இல்லை. அவை வரும் வழியெல்லாம் இருந்த வேட்டையும் அதற்கு ஒரு காரணம். நாம் மெல்ல நின்று பார்க்க ஒரு பறவை வேண்டுமென்றால் முதலில் அதற்குத் தண்ணீர் வேண்டும். எனக்கு இந்தக் கவலைதான் பெரிது.

திருச்சி நண்பரே, தாராளமாகக் கூட்டமாகவே போங்கள். வாடகைச் சைக்கிள் எடுக்கும்போது வாசலிலேயே பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கிறீச்சிட்டால் வேறு வண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.