ஈரலில் சீழ்க்கட்டி: காய்ச்சல் விட்ட பிறகும் குளிசை எதற்கு?

அடுத்த கேள்வி தென்மராட்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பா வயல் செய்கிறவர், சலரோகம் இருக்கிறது. மாரி தொடங்கின பிறகு விடாத காய்ச்சல், ஸ்கானில் ஈரலில் கட்டி. அமீபா என்று கொடுத்த மருந்துக்குக் குறையவில்லை. பிறகு மெலியோய்டோசிஸ் என்று நாலு கிழமை ஊசி ஏற்றினார்களாம். இப்போது சுகம், ஆனால் மூன்று மாதம் குளிசை போடச் சொல்கிறார்கள், நிற்பாட்டலாமா என்கிறார்.

நிற்பாட்ட வேண்டாம், தங்கச்சி.

அமீபா என்று தொடங்கியதைப் பிழை சொல்ல ஏலாது. யாழ்ப்பாணத்தில் ஈரலில் சீழ் என்றால் முதலில் நினைப்பது அதைத்தான். கள்ளுக் குடிக்கிற ஆண்களிடம் அது அதிகம் என்று இங்கே செய்த ஆய்வுகளே சொல்கின்றன. ஆனால் அமீபா என்றால் மெட்ரோனிடசோலுக்கு மூன்று நாலு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். இறங்காவிட்டால் வேறு கிருமியைத் தேட வேண்டும்.

அப்பாவுக்கு வந்த மெலியோய்டோசிஸ், மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் இருக்கிற ஒரு பக்டீரியாவால் வருகிற வருத்தம். காலில் உள்ள சின்னக் காயம் போதும், உள்ளே போய்விடும். சலரோகக்காரரைத்தான் கூடப் பிடிக்கும். ஸ்கானில் சிலருக்குத் தேன்கூடு மாதிரித் தெரியும், ஆனால் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. இரத்தத்தையும் சீழையும் கல்ச்சர் செய்ய வேண்டும், அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். வளர்ந்த கிருமியைச் சூடோமோனாஸ் என்கிற சாதாரண பக்டீரியா என்றோ, வெளியிலிருந்து கலந்தது என்றோ ஒதுக்கிவிட இடமுண்டு. அந்தக் கிருமி ஜென்டாமைசின் என்ற மருந்துக்கு அடங்காமல் கோ-அமொக்ஸிக்ளாவ் என்ற மருந்துக்கு அடங்கினால் ஆய்வுகூடத்தில் உஷாராகிவிட வேண்டும். பர்மாவில் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரண்டு டொக்டர்மார் 1912இலேயே எழுதிவைத்த நோய் இது. இலங்கையில் 1927இல் பதிவாகியிருக்கிறது. அரிது என்கிறோம், தேடாததால் அரிதாகத் தெரிகிறதோ என்பது என் சந்தேகம்.

சரி, குளிசைக்கு வருவோம். செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி ஆளைக் காப்பாற்றும். ஆனால் இந்தக் கிருமி நம் செல்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கக் கூடியது. மிச்சத்தை அழிக்கத்தான் கோ-ட்ரைமொக்ஸசோல், குறைந்தது மூன்று மாதம். இடையில் விட்டால் வருத்தம் திரும்பி வரலாம்.

இந்தக் குளிசை சிலருக்கு ஒத்துவராது. தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள், வேறு மருந்து இருக்கிறது. சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இடையிடையே இரத்தம் சோதிக்க வேண்டும். அப்புறம், பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்றும் கேட்டிருக்கிறார். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக மிக அரிது, பேரப்பிள்ளைகளை அப்பாவிடம் விடலாம்.