லோக்கேல் எச்சரிக்கை வருகிறதா? எல்சி_ஆல்=சி போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்!

[திரை: டெர்மினல். ஒரே எச்சரிக்கை பத்து வரிக்கு ஓடுகிறது.]

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இணையும் வழி) வழியாக சர்வருக்குள் நுழைகிறீர்கள். ஒரு பேக்கேஜ் நிறுவப் பார்க்கிறீர்கள். அதற்குள் "பெர்ல்: வார்னிங்: செட்டிங் லோக்கேல் ஃபெயில்டு" என்று திரை முழுக்க ஒப்பாரி. தேடினால் கிடைக்கும் முதல் பதில் என்ன? பேஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி ஃபைலில் "எக்ஸ்போர்ட் எல்சி_ஆல்=சி" என்று ஒரு வரி சேர்த்துவிடு. சேர்த்ததும் சத்தம் நின்றுவிடும். ஆனால் அந்த ஒரு வரி சத்தமே இல்லாமல் எதையெல்லாம் கெடுக்கிறது தெரியுமா? வாருங்கள், பார்த்துவிடலாம். பிடித்திருந்தால் ஒரு லைக் போடுங்கள், பிடிக்காவிட்டால் கமெண்டில் திட்டுங்கள், இரண்டும் எனக்குச் சம்மதம்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துகளைப் படிக்கும் முறை, அகர வரிசை, தேதி, தசமப் புள்ளி, செய்திகளின் மொழி, இவை எல்லாம் சேர்ந்ததுதான் லோக்கேல். இவற்றை அமைக்கும் வேரியபிள்களில் லேங் என்பது பொதுவான இயல்பு மதிப்பு. எல்சி_டைம் (தேதி), எல்சி_கொலேட் (அகர வரிசை), எல்சி_சிடைப் (எழுத்துகளைப் படிக்கும் முறை) போன்றவை ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி. எல்சி_ஆல் வீட்டுப் பெரியவர் மாதிரி: அவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் சொல்வது எடுபடாது. சி என்பது எந்த மொழியையும் சாராத அடிப்படை லோக்கேல். அவ்வளவுதான் பின்னணி.

[திரை: பெரிய எழுத்தில் "கடிதம்"]

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. "கடிதம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடுக்கு 6 குறிகள், ஏனென்றால் டகரத்தின் மேலுள்ள இகரக் கொக்கியும், கடைசி மகரத்தின் புள்ளியும் தனித்தனிக் குறிகள். இந்தக் குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த 6 குறிகளும் தலா 3 பைட். மொத்தம் 18 பைட்.

சரி, இந்தச் சொல்லை ஒரு ஷெல் வேரியபிளில் வைத்து அதன் நீளம் என்ன என்று பேஷிடம் கேளுங்கள். யூடிஎஃப்-8 லோக்கேலில் 6 என்று சொல்லும். எல்சி_ஆல்=சி போட்டுவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். 18! பேஷ் பொய் சொல்லவில்லை. சி லோக்கேலுக்கு எழுத்து என்பதே ஒரு பைட்தான். தமிழ் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது.

இதோடு போகிறதா? இல்லை. "கடிதம்" என்று ஒரு ஃபைல் உருவாக்கி எல்எஸ் (ஃபைல் பட்டியல் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். லினக்ஸில் பெயருக்குப் பதிலாக 340, 256, 225 என்று சாய்கோடுகளுக்கு நடுவே எண்கள் நிற்கும். பயப்பட வேண்டாம், ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்று எண்களும் சேர்ந்ததுதான் "க", எட்டடிமான எண்ணில் எழுதியிருக்கிறது. நம்ம "க" இந்த வேஷத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாகவும் வருகிறது, கொஞ்சம் கோபமாகவும் வருகிறது.

வரிசையும் மாறும். சி லோக்கேலில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் முன்னால் வந்துவிடும், ஏனென்றால் பெரிய ஏ-யின் எண் 65, சிறிய ஏ-யின் எண் 97. ஒரு ஃபைலை ஒரு லோக்கேலில் சார்ட் செய்து (வரிசைப்படுத்தி), வேறொரு லோக்கேலில், வரிசைப்படுத்திய இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் காம் கட்டளைக்குக் கொடுத்தால், "வரிசையில் இல்லையே" என்று அது முறைக்கும். நீங்கள் சார்ட் செய்த கட்டளையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஜெர்மன் லோக்கேலில் இன்னொரு வேடிக்கை: தசமப் புள்ளி அங்கே காற்புள்ளி. பேஷில் எண்ணை வடிவமைத்து அச்சிடும் பிரின்ட்எஃப்-க்கு 3.14 கொடுத்தால் "இது செல்லாத எண்" என்றுவிடும்.

அதற்காக சி லோக்கேல் வில்லன் இல்லை. ஒரே ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் "எல்சி_ஆல்=சி சார்ட்" என்று போடுங்கள், வேகமாகவும் ஓடும், எல்லா இயந்திரத்திலும் ஒரே வரிசை வரும். அந்தக் கட்டளை முடிந்ததும் பழைய நிலை. சமன்குறிக்கு இருபக்கமும் இடைவெளி விட்டுவிடாதீர்கள், விட்டால் எல்சி_ஆல் என்பதையே ஒரு கட்டளை என்று நினைத்து ஷெல் தேடப் போய்விடும்.

[திரை: லோக்கேல் கட்டளையின் வெளியீடு]

இனி துப்பறியும் வேலை. "லோக்கேல்" என்று மட்டும் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் மேற்கோள் குறிகளைக் கவனித்திருக்கிறீர்களா? மேற்கோளுக்குள் இருக்கும் மதிப்பு யாரும் நேரடியாக வைத்ததல்ல, லேங் அல்லது எல்சி_ஆல் வழியாக வந்தது. மேற்கோள் இல்லாமல் மொட்டையாக நிற்கிறதா? அதை யாரோ குறிப்பாக வைத்திருக்கிறார்கள். குற்றவாளி அங்கேதான்.

யார் வைத்தது? லினக்ஸில் /ப்ராக் அடைவுக்குள் உங்கள் ஷெல்லின் செயல்முறை எண்ணுக்குரிய (பிஐடி) அடைவில் "என்விரான்" என்று ஒரு ஃபைல் இருக்கிறது. ஷெல் தொடங்கியபோது கையில் என்னென்ன வேரியபிள்களோடு வந்தது என்பது அதில் இருக்கும். என்வ் கட்டளை காட்டுவது இப்போதைய நிலை. இரண்டையும் ஒப்பிடுங்கள். என்வ்-இல் மட்டும் இருந்தால் பேஷ்ஆர்சி, ப்ரொஃபைல் போன்ற ஃபைல்களில் தேடுங்கள். என்விரானிலேயே இருந்தால் ஷெல் பிறக்கும் முன்பே வெளியிலிருந்து வந்த சரக்கு அது.

வெளியிலிருந்து என்றால்? பெரும்பாலும் உங்கள் சொந்த லேப்டாப்! மேக்கிலும் டெபியன், உபுன்டுவிலும் எஸ்எஸ்எச் அமைப்பில் "சென்ட்என்வ் லேங் எல்சி_*" என்ற வரி இயல்பாகவே இருக்கும். சர்வர் பக்கம் "அக்செப்ட்என்வ்" அதை வாங்கிக்கொள்ளும். மேக் டெர்மினல் சில சமயம் எல்சி_சிடைப்-க்கு வெறும் "யூடிஎஃப்-8" என்று அனுப்பும். மேக்குக்கு அது சரியான பெயர், லினக்ஸில் அந்தப் பெயரில் லோக்கேலே கிடையாது. சர்வர் பாவம், தன்னிடம் இல்லாததைத் தேடிவிட்டு "நோ சச் ஃபைல்" என்று கையை விரிக்கிறது. எந்த ஃபைல் என்றாவது சொல்லலாம் இல்லையா?

தீர்வு எளிது. "லோக்கேல் -ஏ" கொடுத்து சர்வரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். வேண்டியது இல்லை என்றால், டெபியன் வகையில் /இடிசி/லோக்கேல்.ஜென் ஃபைலில் அந்த வரியின் முன்னுள்ள ஹேஷ் குறியை எடுத்துவிட்டு லோக்கேல்-ஜென் ஓட்டுங்கள். வந்த பெயரே தப்பு என்றால் லேப்டாப்பில் அந்த சென்ட்என்வ் வரியை முடக்குங்கள். சின்ன கன்டெய்னர்களில் லேங்=சி.யூடிஎஃப்-8 வைத்தாலே போதும். 2022-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.35 முதல் அது மூலத் தொகுப்பிலேயே இருக்கிறது.

மாற்றிய பிறகும் பழையதே வருகிறதா? வெளியேறி மறுபடி நுழையுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லுக்குப் புதிய மதிப்பு தானாகப் போய்ச் சேராது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் உங்கள் பேஷ்ஆர்சியைப் படிக்காது, அதனால் அங்கே ஓடும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே லேங்கை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.

அப்புறம், எல்லாம் சரியாக இருந்தும் செய்திகள் மட்டும் வேறு மொழியில் வந்தால் "லாங்குவேஜ்" என்ற வேரியபிளைப் பாருங்கள். க்னூ நிரல்களில் செய்தி மொழி என்று வந்தால், சி லோக்கேல் தவிர மற்ற இடங்களில், நம் பெரியவர் எல்சி_ஆல் பேச்சைக்கூட அது கேட்காது. உங்கள் டெர்மினலில் மேற்கோள் இல்லாமல் நிற்பது எது என்று கமெண்டில் போடுங்கள்.