அடுப்பில் கை வெந்தும் வலிக்கவில்லை! மூளையில் ஒரே ஒரு நொதி சோர்ந்துபோனால் என்ன ஆகும்?

ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி. சமைக்கும்போது அடுப்பில் கை பட்டுச் சுட்டுவிடும், அவருக்குத் தெரியாது. சதை கருகும் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் கையைப் பார்ப்பார். 66 வயதில் கையில் ஆபரேஷன். சாதாரணமாக உயிர் போகிற மாதிரி வலிக்கும் ஆபரேஷன் அது. அவரோ வலி மாத்திரையே வேண்டாம் என்றார். மயக்க மருந்து டாக்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

மரபணுவைச் சோதித்தார்கள். 2019இல் கட்டுரை வெளியானது. அவர் உடம்பில் ஃபா என்ற நொதியின் வேலை குறைந்திருந்தது. அதனால் அது உடைக்க வேண்டிய, வலியைத் தணிக்கும் ஆனந்தமைடு என்ற பொருள் ரத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது.

பெயரைக் கவனித்தீர்களா? நம் 'ஆனந்தம்'தான்! 1992இல் ஜெருசலேமில் இதைக் கண்டுபிடித்தவர்கள் வடமொழிச் சொல்லைத் தேடிப்பிடித்து வைத்த பெயர். கஞ்சா போய் ஒட்டுகிற அதே ஏற்பியில், அதாவது செல் சேதி வாங்கும் இடத்தில், ஒட்டுவதற்கு நம் மூளையே தயாரிக்கும் கொழுப்பு இது. 1995இல் இன்னொன்றும் தெரியவந்தது. அதன் பெயர் 2-ஏஜி.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம்.

[திரையில்: ஹாட்பாக்ஸ் இட்லி, பக்கத்தில் தோசைக்கல்]

மூளையின் வழக்கமான ரசாயனத் தூதர்கள் ஹாட்பாக்ஸ் இட்லி மாதிரி. முன்கூட்டியே செய்து சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைத்திருக்கும், சிக்னல் வந்ததும் திறந்துவிடும். கொழுப்பை அப்படி அடைக்க முடியாது, பையின் சுவரே கொழுப்பு, ஊடுருவி வெளியே போய்விடும். அதனால் இவை தோசை. ஆர்டர் வந்த பிறகுதான் கல்லில் ஊற்ற வேண்டும். மாவு எங்கே? செல்லின் சவ்விலேயே இருக்கிறது! அங்கிருந்து வெட்டி எடுத்து, சேதி வாங்கிய நரம்புச் செல், சேதி அனுப்பிய செல்லுக்கே திருப்பி அனுப்பும்: 'போதும், கொஞ்சம் குறைச்சுக்கோ.'

அனுப்பியாயிற்று. எப்போது நிறுத்துவது? அதை முடிவு செய்வது உடைக்கிற நொதிதான். ஃபா ஆனந்தமைடை உடைக்கும், மேகல் என்ற இன்னொரு நொதி 2-ஏஜியை உடைக்கும். எலி மூளையில் 2-ஏஜியை உடைக்கும் வேலையில் சுமார் 85 சதவீதம் மேகலுடையது.

உடைத்ததும் குப்பைக்குப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை! 2-ஏஜி உடைந்தால் அராக்கிடோனிக் அமிலம் வரும். அதிலிருந்து அழற்சியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகும். 2011இல் எலிகளில் மேகலை வேலை செய்யவிடாமல் அடைத்துப் பார்த்தார்கள். மூளையில் புரோஸ்டாகிளாண்டினும் குறைந்தது, அழற்சியும் தணிந்தது. ஒரே வெட்டில் 'அமைதியாக இரு' என்ற சேதி நின்று, 'கொதித்தெழு' என்ற சேதிக்குச் சரக்கு தயாராகிறது. இந்த நொதியை வெறும் துப்புரவு ஆள் என்று இனி யாராவது சொன்னால் இந்த வீடியோவை அனுப்பிவையுங்கள்.

அப்படியானால் மேகலை நிரந்தரமாக அடைத்துவிடலாமே என்று கமெண்ட் போடப் போகிறீர்கள், தெரியும். எலிகளில் அதையும் பார்த்தாயிற்று. 2-ஏஜி நாள்கணக்கில் தேங்கியதும் ஏற்பிகள் மரத்துப்போயின, வலி குறைக்கும் பலனும் போய்விட்டது.

ஃபாவை அடைக்கும் மாத்திரையா? பல கம்பெனிகள் முயன்றன. ஒன்று பாதுகாப்பாகவே இருந்தது, ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்கு வலி குறையவில்லை. இன்னொன்றை 2016 ஜனவரியில் பிரான்ஸின் ரென் நகரில் ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அதிக அளவு கொடுக்கப்பட்ட குழுவில் ஒருவர் இறந்தார். மற்றவர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், சிலருக்கு மூளை பாதித்தது. பிழைப்புக்காகவோ ஆர்வத்தாலோ உடம்பைக் கொடுத்தவர்கள் அவர்கள். இதைச் சொல்லாமல் 'ஆனந்த மாத்திரை' என்று வீடியோ போடுவது தப்பு என்பது என் கருத்து.

அடுத்த வருடம் அந்த மருந்தை மனித நரம்புச் செல்களில் விட்டுப் பார்த்தார்கள். அது ஃபாவோடு நிற்கவில்லை, கொழுப்பைக் கையாளும் வேறு பல நொதிகளையும் சேர்த்தே முடக்கியிருந்தது.