மஞ்சள் கறுப்புக் கோடுகளின் இசை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ராக் இசையின் கனத்த, அதிரடி வடிவமான ஹெவி மெட்டல் என்றாலே சாத்தானின் இசை என்று அமெரிக்கத் திருச்சபைகள் பலவற்றில் பிரசங்கம் நடந்த 1980களில், கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியைச் சேர்ந்த ‘ஸ்ட்ரைப்பர்’ குழு அதே இசையில் இயேசுவைப் பாடியது. மைக்கேல் ஸ்வீட் பாடினார். அவருடைய அண்ணன் ராபர்ட் டிரம்ஸ் வாசித்தார். ஆஸ் ஃபாக்ஸ் கிதாரும் டிம் கெயின்ஸ் பேஸ் கிதாரும் வாசித்தார்கள். உடை முதல் வாத்தியங்கள் வரை எல்லாவற்றிலும் மஞ்சளும் கறுப்புமான கோடுகள். குழுவின் சின்னத்தோடு, “அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்” என்னும் ஏசாயா 53:5 வேத வசனக் குறிப்பு; ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைப்ஸ்’ என்ற ஒரே சொல் கோடுகளையும் தழும்புகளையும் குறிக்கும். கச்சேரிகளில் அவர்கள் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்தினரிடையே வீசியதை, ஜிம்மி ஸ்வாகர்ட் போன்ற தொலைக்காட்சிப் போதகர்கள் வேதத்துக்கே அவமரியாதை என்று கண்டித்தார்கள். ராக் ரசிகர்களிலும் ஒரு சாரார் இதை மதப் பிரசாரம் என்று ஒதுக்கினார்கள்.

இரு தரப்புக்கும் தக்க பதிலாக அமைந்தது, 1986இல் வெளிவந்த ‘டு ஹெல் வித் த டெவில்’ இசைத்தொகுப்பு. மைக்கேலின் குரல் உச்ச ஸ்தாயியில் பிசிறின்றி நிற்க, அவரும் ஃபாக்ஸும் இரண்டு கிதார்களை ஒரே மெட்டில் இணைத்து வாசிக்கும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள். அந்தத் தேர்ச்சியை நம்பிக்கையற்றவரும் மறுக்க முடியாது. அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் பிரதிகளைக் கடந்த அத்தொகுப்பின் ‘ஹானஸ்ட்லி’ பாடல், அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 23ஆம் இடம் வரை ஏறியது.

1988இல் வந்த ‘இன் காட் வி டிரஸ்ட்’ எனக்கு அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டதாகவே படுகிறது. 1990இல் ‘அகெய்ன்ஸ்ட் த லா’ வந்தபோது கோடுகளும் போயின, வெளிப்படையான விசுவாச வரிகளும் போயின. வாசிப்பில் அது வலிமையான தொகுப்புதான். ஆனாலும் கிறிஸ்தவ ரசிகர்களில் பலர் மனம் நொந்தார்கள், அவர்கள் இடத்தை நிரப்பப் புதியவர்களும் திரண்டு வரவில்லை. 1992இல் மைக்கேல் விலகினார், குழுவும் விரைவிலேயே கலைந்தது.

2003இல் மீண்டும் கூடியவர்கள், 2005இல் ‘ரீபார்ன்’ தொடங்கி இன்றுவரை புதிய பாடல்களைத் தந்துவருகிறார்கள். அவற்றில் 2013இல் வந்த ‘நோ மோர் ஹெல் டு பே’ தொகுப்பை அவர்களுடைய இரண்டாவது உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். பழைய வேகத்தோடு கிதார்களின் கனமும் கூடியிருக்கிறது. ஐம்பது வயதில் மைக்கேல் பாடிய அந்தக் குரலில் தளர்ச்சியே இல்லை. இக்குழுவைப் புதிதாகக் கேட்க விரும்பும் இளைஞர்கள், 1986இன் தொகுப்பை முதலில் கேட்டுவிட்டு நேராக இதற்கு வரலாம்.