நசுங்கினால் பிறக்கும் காரம்

பெரியோர்களே, தாய்மார்களே, சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் விவசாய நண்பர்களே, வணக்கம்.

கடுகு என்றதும் ‘சிறுத்தாலும் காரம் போகாது’ என்று தொடங்குவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தப் பழமொழியோடு எனக்குச் சிறு பிணக்கு உண்டு. காலையில் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் வாங்கிய கடுகு இது. முன்வரிசையில் இருப்பவர்கள் முகர்ந்து பாருங்கள், காரநெடியே இராது. இதையே இடிகல்லில் நசுக்கி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சில நிமிடம் பொறுத்து முகர்ந்தால் கண்ணில் நீர் வந்துவிடும். முழுக் கடுகில் காரம் இல்லை. காரத்துக்கான சரக்குதான் இருக்கிறது. சினிகிரின் என்னும் பொருளும் மைரோசினேஸ் என்னும் நொதியும் விதைக்குள் தனித்தனியே கிடக்கின்றன. விதை நசுங்கி ஈரம் பட்டதும் இரண்டும் கூடி, அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காட்டமான எண்ணெயை உண்டாக்குகின்றன. கடிக்க வரும் பூச்சியை விரட்டச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது.

நம் வீட்டுக் கைப்பக்குவத்தின் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. தாளிக்கும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதால் கடுகு வெடிக்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடுவதால் காரம் பிறப்பதில்லை, வறுத்த மணம் மட்டுமே எஞ்சுகிறது. ஆவக்காய்க்கோ வறுக்காத கடுகைப் பொடித்துப் போடுகிறோம்; மாங்காயின் நீர் ஊற ஊற அது காட்டமாகிறது. ஒருமுறை கடுகில் கொதிநீரை ஊற்றி அரைத்துவிட்டு, காரமே இல்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவன் நான்; அவர் என்ன செய்வார், பாவம்.

மலையிலிருந்து வந்தவர்களுக்கு முக்கியமானது வயல். முட்டைக்கோசு கடுகின் பங்காளி. இரண்டும் ஒரே குடும்பம். கோசைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு இந்தக் காரம் பழகிப்போய், அதுவே விருந்துக்கு அழைக்கும் மணமாகிவிட்டது. ஆகவே 25 வரிசைக் கோசுக்கு ஒரு கடுகு வரிசையை நடவுக்கு 15 நாள் முன்பும், அடுத்ததை நடவு முடிந்து 25 நாள் கழித்தும் விதைத்தால், அந்து பெரும்பாலும் கடுகைத் தேடிப் போய் முட்டையிடும்; மருந்தையும் அங்கேயே அடித்து முடித்துவிடலாம். பூக்கும் பருவத்துக் கடுகுச் செடியை நறுக்கி மண்ணில் மடக்கி உழுது, நீர் பாய்ச்சி மூடிவைத்தால், இடிகல்லில் நடந்ததே மண்ணுக்குள்ளும் நடந்து நூற்புழுவின் தொல்லை குறையும். உடனே நாற்று நட வேண்டாம். அந்தக் காட்டம் வேரையும் விடாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தரிசு நிலங்களில் மஞ்சள் பூவோடு நிற்கும் பிரம்மதண்டின் விதை, பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். 1998இல் டெல்லியில் அதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டவர்களுக்கு உடல் வீங்கி, 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடுகின் தோல் வழவழப்பாகவும், பிரம்மதண்டு விதையின் தோல் சொரசொரப்பாகவும் இருக்கும். ஐயம் வந்தால் நகத்தால் நசுக்குங்கள்: கடுகின் உள்ளே மஞ்சள், பிரம்மதண்டின் உள்ளே வெள்ளை.